டிசம்பர் யாருக்கு

மூன்று தடவை கடும்பனி விழுந்தால்தான் ஃபிர் மரத்துக் கொப்பை ஒடிக்கலாம். அதற்கு முன்னால் ஒடித்தால் ஊசி இலையெல்லாம் பெட்டிக்குள்ளேயே கொட்டிப்போய், பாஸ்டனில் ஏதோ ஒரு பணக்காரி வீட்டுக் கதவில் தொங்க வேண்டிய கிறிஸ்துமஸ் வளையம் வெறும் கம்பியாகப் போய்ச் சேரும். அந்த வருஷம் மூன்றாவது பனி அக்டோபரிலேயே விழுந்துவிட்டது. ஹார்லோ முனை என்ற அந்தக் கடற்கரை ஊரில் நடக்க முடிந்தவர்கள் அத்தனை பேரும் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள்.

மூன்று வாரம் வளையம் கட்டியாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அரசாங்கத்திடமிருந்து இரண்டு உறைகள் வந்தன. ஒன்று வெர்னாவுக்கு, இன்னொன்று அவள் ஓரகத்தி லொரெட்டுக்கு. அவர்கள் அடுத்தடுத்துக் குடியிருந்த இரண்டு டிரெய்லர் வீட்டுக்கும் சாலையோரம் ஒரே கம்பத்தில்தான் தபால் பெட்டி. வெர்னா தன்னுடையதை அங்கேயே நின்று பிரித்தாள். டிசம்பர் முதல் தேதியிலிருந்து அவளுக்குச் சாப்பாட்டு அட்டையும் கிடையாது, மருத்துவ அட்டையும் கிடையாது. மாதம் எண்பது மணி நேரம் வேலை செய்ததற்கு அத்தாட்சி காட்டவில்லையாம்.

போன வருஷம்வரை அவளிடம் யாரும் அத்தாட்சி கேட்டதில்லை. சின்னப் பிள்ளைக்காரி என்று விட்டிருந்தார்கள். செப்டம்பரில் மகள் மர்லீக்குப் பதினாலு முடிந்தது. பதினாலு வயதானால் பிள்ளைக்குப் பசிக்காது என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ! அப்பன் ஆல்டன் கடல் சேற்றில் மட்டி தோண்டுகிறவன். மட்டி வாங்குகிறவர் கொடுக்கும் சீட்டில் அவன் பேர் இருந்ததால் அவன் தப்பினான். வெர்னா மாட்டிக்கொண்டாள். அவளுக்கோ பத்தொன்பது வயதிலிருந்தே சர்க்கரை. அட்டை இல்லாமல் இன்சுலின் வாங்குவதென்றால் டிரெய்லரை விற்றாலும் வசந்தம்வரை தாங்காது.

அடுத்து என்ன செய்தாள்? லொரெட்டின் உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

லொரெட் தன் கொட்டகையில் மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வளையம் கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதுக்கு அந்தப் பெண்பிள்ளையின் தலைமுடி அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நரைத்தாலும் அடர்த்தியாக, பின்னல் தோளில் கிடந்தது.

"அக்கா, உனக்குத் தபால்."

"பிரிச்சுப் படிடீ. கையெல்லாம் பிசின்."

"உன் தபாலை நான் எதுக்குப் படிக்கணும்?"

"அங்க நின்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தியே, ஜன்னல்ல தெரிஞ்சுது. இப்பக் காகிதத்தை வெளிய எடுத்தே படி."

வெர்னாவுக்குக் காது சிவந்தது. பிரித்தாள். அட்டை தொடரும் என்று போட்டிருந்தது. வேலை நேரம்: நூற்று இருபது. 'தங்கள் உழைப்புக்குப் பாராட்டுகள்' என்று கீழே ஒரு வரி வேறு.

வயிறு பற்றி எரிந்தது அவளுக்கு. அந்த நூற்று இருபதில் எண்பது மணி நேரம் அவளுடையது. லொரெட் ஒரு வளையம் கட்டுவதற்குள் வெர்னா இரண்டு கட்டிவிடுவாள். ஆனால் வளையம் வாங்குகிற ஹாலிஸின் சீட்டில் எப்போதும் ஒரு பேர்தான். அந்தக் கரையோரம் முழுக்க அப்படித்தான் வழக்கம். வாரம் இவ்வளவு என்று நிறையக் கொண்டுவருகிற பேருக்குக் கம்பியும் இரும்பு வட்டமும் இலவசம். அதனால் ஒரு குடும்பத்தில் ஆறு பேர் கட்டினாலும் ஒரு பேரில்தான் போடுவார்கள், பணத்தை அப்புறம் வீட்டில் பிரித்துக்கொள்வார்கள். முன்னே மாமியார் பேரில் போனது. மாமியார் கண்ணை மூடியதும் மூத்தவள் என்று லொரெட் பேருக்கு வந்தது. வெர்னா அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கம்பி மிச்சமாகிறதே என்று இருந்துவிட்டாள்.

"உனக்கு என்ன வந்திருக்கு?" என்றாள் லொரெட்.

"எனக்கா? எனக்கும் வந்திருக்கு."

"என்ன போட்டிருக்கான்?"

"நான் உழைக்கலையாம்."

லொரெட் கையிலிருந்த கொப்பைக் கீழே வைத்தாள். "ஐயய்யோ. வெர்னா! அப்ப உன் ஊசி மருந்து?"

அந்தக் குரல் இருக்கிறதே! லொரெட்டின் குரலில் இரக்கம் வரும்போது தேன் மாதிரி வழியும். அதைக் கேட்டால் வெர்னாவுக்கு இன்னும் ஆத்திரம் வரும். "அதைப் பத்தி உனக்கென்ன? நீ பாராட்டை வாங்கி மாட்டி வச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுத் தன் பலகைக்குப் போய் நின்று, ஒரு கொத்தை வைத்துக் கம்பியை இழுத்த இழுப்பில் கொத்தே முறிந்தது.

பொறாமை இன்றைக்கு முளைத்ததல்ல. பதினாறு வருஷம் முன்னால் ஆல்டனைக் கட்டிக்கொண்டு இந்த மண்ணில் காலை வைத்த நாளிலிருந்து லொரெட்டுக்கு எது கிடைத்தாலும் வெர்னாவின் கண்ணை உறுத்தும். மாமியாரின் வார்ப்பிரும்பு அடுப்பு லொரெட்டுக்குப் போயிற்று. தேவாலயத்தில் தனியாகப் பாடுகிற இடம் லொரெட்டுக்கு. ஆறு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் படகோடு கடலில் மூழ்கிப் போனபோது ஊரே பெரிய பெரிய பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து கொட்டியது. அன்றைக்குத் தேம்பித் தேம்பி அழுத வெர்னா, பத்தாம் நாள் அந்தப் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். தன் புருஷன் உயிரோடு இருப்பதால் தனக்கு யாரும் ஒரு கிண்ணம் சூப்புகூடத் தரவில்லை என்று ஒரு கணம் தோன்றி, தோன்றியதற்காகத் தன் கன்னத்திலேயே போட்டுக்கொண்டாள்.

மறுநாள் வெர்னா நாற்பது மைல் போய் அரசாங்க அலுவலகத்தில் வரிசையில் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்லவள்தான். அவளுக்கும் தலைக்குமேல் வேலை.

"வேலை செய்யறேம்மா. வளையம் கட்டறேன். இந்தக் கையைப் பாருங்க." வெர்னா இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்தாள். விரல் இடுக்கெல்லாம் பிசின் கறுத்து, கம்பி அறுத்த தழும்பு கோடு கோடாக இருந்தது.

"கை எனக்குத் தெரியுது. காகிதம் இருக்கா?"

"சீட்டு ஓரகத்தி பேர்ல போகுது."

"அப்ப அவங்கதானே வேலை செஞ்சவங்க?"

"நாங்க ரெண்டு பேரும்தான்."

"வாங்கறவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. யார் எத்தனை மணின்னு." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. அவங்களுக்கு எழுதினதைத்தான் பிரிக்க முடியும். புதுசாச் சேர்க்க முடியாது."

வரும் வழியெல்லாம் வெர்னா அந்தக் கணக்கையே மென்றுகொண்டு வந்தாள். நூற்று இருபதில் எண்பது போனால் மிச்சம் நாற்பது. லொரெட்டின் அட்டை போய்விடும். லொரெட்டுக்கு இருதயம் தாளம் தப்பும். இரத்தம் கட்டாமலிருக்க அவள் தினமும் ஒரு மாத்திரை போடுகிறாள், அது இல்லாமல் ஒரு மாதம் இருந்தால் வாய் கோணிப் படுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். 'இருக்கட்டுமே. பதினாறு வருஷம் எல்லாம் அவளுக்கே கிடைத்ததே, ஒரு தடவை எனக்குக் கிடைக்கட்டுமே!' இப்படித்தான் நினைத்தாள். நினைத்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஹாலிஸின் கொட்டகையில் வளையங்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஹாலிஸ் எழுபதைத் தாண்டிய மனிதர். கொண்டுவந்து போடுகிற எந்த வளையத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்க்காமல் அடுக்கமாட்டார்.

"ஹாலிஸ் அண்ணே, ஒரு காகிதம் எழுதித் தாங்க. நாங்க போட்டதுல எது எது நான் கட்டினதுன்னு."

"அதை நான் எப்படிச் சொல்றது?"

"சும்மா விளையாடாதீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

ஹாலிஸ் சிரித்தார். தெரியும்தான். வெர்னா இடக்கைக்காரி. ஊர் முழுக்கக் கட்டும் வளையங்களில் ஊசி இலைகள் ஒரு பக்கம் படுத்திருந்தால், அவள் கட்டியதில் மட்டும் எதிர்ப்பக்கம் படுத்திருக்கும். பெட்டி போடுகிற பிள்ளைகள்கூட அதை 'வெர்னா வளையம்' என்றுதான் சொல்வார்கள்.

"எழுதித் தரேன்," என்றார். "மூணுல ரெண்டு பங்கு உன்னுது. அது சத்தியம். ஆனா இதைக் குடுத்தா லொரெட் கதை என்னாகும், யோசிச்சியா?"

"என் கதை என்னாகும்னு யாராச்சும் யோசிச்சாங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒரு வீட்டை ரெண்டாப் பிளக்கிற காகிதம் இதுதான் முதல் தடவை எழுதறேன். அந்தச் சட்டம் போட்டவன் ஒரு வளையம் கட்டிப் பாக்கணும், ஒரே ஒரு வளையம்."

வெர்னா காகிதத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். அலுவலகம் இனித் திங்கட்கிழமைதான் திறக்கும். வாரத்தில் மூன்று நாளாகச் சுருக்கிவிட்டார்கள்.

அந்த வாரம் அவள் இன்சுலினை இழுத்துப் பிடித்தாள். இருபது யூனிட் போட வேண்டிய இடத்தில் பதினாலு. நாக்கு வறண்டது, கால் கனத்தது. ஆல்டன் சேற்று பூட்ஸோடு வாசற்படியில் உட்கார்ந்து கேட்டான்:

"என்ன, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு? சரியாப் போடறியா?"

"போடறேன், போடறேன்."

"மதினி கேட்டாங்க. நீ பேசறதே இல்லையாமே அவங்ககிட்ட."

"மதினி மதினின்னு உருகாதே. உன் மதினிக்கென்ன, ராணி."

"அவங்க என்ன பண்ணினாங்க, சட்டம் அவங்களா போட்டாங்க?"

"போடலை. ஆனா போட்டவனே வந்து அவ பேரைக் கேட்டு எழுதினாப்ல இருக்கு!"

சனிக்கிழமை விவசாயிகள் மண்டபத்தில் ஊர் கூடிச் சாப்பிடும் பீன்ஸ் சாப்பாடு. வழக்கமாகத் தீயணைப்பு வண்டிக்குப் பணம் சேர்க்கத்தான் போடுவார்கள். இந்தத் தடவை அட்டைகள் வெட்டப்படுவதை எதிர்த்துக் கூட்டம். இலவச மருத்துவமனைச் செவிலி நடீன்தான் வீடு வீடாகப் போய் ஆள் திரட்டினாள். தலைநகரில் சட்டத்துக்குக் கை தூக்கிய பிரதிநிதி வரவில்லை, தன் ஆளை அனுப்பியிருந்தார். ஊர் சார்பாக ஒருத்தர் எழுந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். யார் சொல்வது? லொரெட்தான், வேறு யார்!

"அட்டை போனது எனக்கு," என்று வெர்னா நடீனிடம் கேட்டே விட்டாள். "பேசறது அவளா?"

நடீன் சங்கடப்பட்டாள். "நீ கோவப்படுவே வெர்னா. லொரெட் பேசினா ஜனங்க கேப்பாங்க."

'நான் பேசினால் நாய் குரைக்கிற மாதிரி இருக்குமோ!' வெர்னா காகிதம் இருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. இரவு முழுக்க அடுப்பில் கிடந்து வெந்த பீன்ஸ், பன்றிக்கொழுப்பும் வெல்லப்பாகும் ஊறி மண்பானையில் பளபளத்தது. தகர டப்பாவில் அவித்த கறுப்பு ரொட்டி, முட்டைக்கோஸ், உள்ளே இனிப்பு வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஆறேழு வகை. லொரெட் செய்த ஆப்பிள் பை முதலில் தீர்ந்தது. வெர்னாவின் பூசணிப் பையில் இரண்டு துண்டு மிச்சம் நின்றது. அதையும் அவள் கவனித்தாள். சுவரெல்லாம் ஹாலிஸ் கொடுத்த வளையங்கள் தொங்கின. பிரதிநிதியின் ஆள் நல்ல கம்பளிக் கோட்டுப் போட்ட இளைஞன், தட்டில் பீன்ஸை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

லொரெட் எழுந்தாள். நீலச் சட்டை, பின்னலைக் கொண்டையாக்கியிருந்தாள். தொண்டையைக்கூடச் செருமவில்லை.

"என் இருதயம் இப்ப ஓடிக்கிட்டிருக்கறதுக்குக் காரணம் ஒரு மாத்திரை," என்று ஆரம்பித்தாள். "அந்த மாத்திரைக்குக் காரணம் ஒரு அட்டை. என் புருஷன் கடல்ல போனப்ப நான் இந்த ஊர்ல பிச்சை எடுக்கலை. காலையில நாலு மணிக்குக் காட்டுக்குப் போனேன்..."

பின்வரிசையில் ஒரு கிழவர் மூக்கைச் சிந்தினார். வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். 'நாலு மணிக்காம்! ஆறரைக்குத்தான் எழுந்திருப்பாள். நாலு மணிக்குப் போகிறவள் நானல்லவா!' லொரெட் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஊர் தலையாட்டுவதை வெர்னா பார்த்தாள். தனக்கு மட்டும் அந்த நாக்கு இருந்திருந்தால்!

அப்போது லொரெட் சொன்னாள்: "ஆனா இன்னைக்கு நான் என் கதையைச் சொல்ல வரலை. என் ஓரகத்தி வெர்னா அங்க உக்காந்திருக்கா. அவளுக்குச் சர்க்கரை. அவ அட்டையை நிறுத்திட்டாங்க. என்னுது நிக்கலை. ஏன் தெரியுமா? சீட்டுல என் பேர் இருக்கு. வளையத்துல முக்காவாசி அவ கட்டினது. நான் வாங்கற மாத்திரை அவ உழைப்பு."

மண்டபமே திரும்பி வெர்னாவைப் பார்த்தது.

"அதைவிட ஒண்ணு இருக்கு. ஹாலிஸ் அவளுக்குக் காகிதம் எழுதிக் குடுத்துட்டார், அவரே என்கிட்ட சொன்னார். அதைக் கொண்டுபோய்க் குடுத்தா அவளுக்கு அட்டை வரும், எனக்குப் போயிரும். நாலு நாளா அதைப் பையில வச்சுக்கிட்டு, குடுக்காம, மருந்தைக் கொறைச்சுப் போட்டுக்கிட்டு இருக்கா. எனக்காக. இந்தச் சட்டம் எப்பேர்ப்பட்ட மனுஷியைப் பட்டினி போடுதுன்னு எழுதிக்கோங்க தம்பி."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. யாரோ வெர்னாவின் முதுகைத் தடவினார்கள். நடீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெர்னாவுக்கு உடம்பு கூசியது. லொரெட்டுக்காகவா? அலுவலகம் மூடிக்கிடந்ததால் அல்லவா கொடுக்கவில்லை! திங்கட்கிழமை காலையில் போவதற்குப் பெட்ரோல்கூடப் போட்டு வைத்திருந்தாள். இந்தப் பாவி தன்னைப் பெரிய மனுஷியாக்கி நடுச்சபையில் நிறுத்திவிட்டாளே!

கைதட்டல் ஓய்ந்தது. கம்பளிக் கோட்டுக்காரன் எழுந்தான். அவன் முகம் ரொம்ப மரியாதையாக இருந்தது.

"நீங்க சொன்னது முக்கியமான விஷயம்மா. அப்ப நீங்க செய்யாத வேலைக்கு மணிக் கணக்குக் காட்டியிருக்கீங்க, சரிதானே? இந்த மாதிரித் தப்பு நடக்கக் கூடாதுன்னுதான் சட்டமே." அவன் வெர்னா பக்கம் கையை நீட்டினான். "அந்தக் காகிதத்தை என்கிட்ட குடுங்க. உங்க அட்டை ஒரு வாரத்துல வர நான் பொறுப்பு."

லொரெட்டின் முகம் வெளுத்தது. இப்படித் திரும்பும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அழகாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு கோளாறு. கேட்கிறவன் எல்லாம் அழுவான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வெர்னா எழுந்தாள். கை பைக்குள் போயிற்று. காகிதம் விரலில் பட்டது. ஒரு வாரத்தில் அட்டை. இருபது யூனிட் இன்சுலின். நீட்டிய கை எதிரிலேயே இருக்கிறது. அந்தப் பையன் லேசாகச் சிரித்தான். மட்டி வாங்குகிறவர்கள் நிறுவையில் ஆல்டனை ஏமாற்றிவிட்டுச் சிரிப்பார்களே, அதே சிரிப்பு.

"என்ன காகிதம்?" என்றாள் வெர்னா.

"அவங்க சொன்ன..."

"அவ சொல்வா! வாயைத் தெறந்தா ஜோடனை. இந்த ஊரையே கேட்டுப் பாருங்க. காலையில நாலு மணிக்குக் காட்டுக்குப் போனாளாம், பொய்! ஆறரைக்கு முன்னாடி அவ வீட்ல விளக்கே எரியாது. பதினாறு வருஷமா கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா? ஒண்ணைப் பத்தாச் சொல்லி ஊரை அழ வைக்கறதுதான் இவ பொழப்பு. அந்த வளையம் பூரா அவ கட்டினதுதான். நான் ஒண்ணுகூடக் கட்டலை."

பதினாறு வருஷம் நெஞ்சில் கிடந்த வார்த்தைகள். லொரெட் பொய்க்காரி என்று நாலு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று எத்தனை ஆசைப்பட்டிருக்கிறாள்! சொல்லிவிட்டாள், நன்றாகவும் இருந்தது. ஆனால் கடைசியாகச் சொன்னது மட்டும் கசந்தது. அவளிடம் பெருமைப்பட இருந்த ஒரே சாமான் அந்தக் கைதான்.

சுவரில் பத்துப் பன்னிரண்டு வெர்னா வளையங்கள் ஊசிகளை எதிர்ப்பக்கம் சாய்த்துக்கொண்டு அந்தப் பையனின் தலைக்கு மேலேயே தொங்கின. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்தது. ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

பையன் ஹாலிஸைப் பார்த்தான். "நீங்கதானே வாங்கறவர்? யார் கட்டினது?"

ஹாலிஸ் ஒரு வாய் ரொட்டியை மென்று முடித்தார். "சீட்டுல என்ன பேரோ அவங்க," என்றார்.

"அப்ப நீங்க வேலையே செய்யலைன்னு ஒத்துக்கறீங்களா?" என்று பையன் வெர்னாவைக் கேட்டான்.

"செய்யலை. என்னை என்ன வேணா பண்ணிக்கோ. ஆனா எனக்கு ஒண்ணு சொல்லு. ரெண்டு பேருக்கும் குடுத்தா உங்களுக்கு என்ன கொறைஞ்சு போகும்? இவளுக்கு மாத்திரை, எனக்கு ஊசி, எம் பொண்ணுக்கு ரெண்டு வேளை சோறு. அதை வெட்டி எடுத்து எங்க கொண்டுபோய்க் கொட்டப் போறீங்க? நான் இவளைப் பாத்துப் பொறாமைப்பட்டே பொழுதைக் கழிச்சவ. அது எங்க வீட்டுச் சண்டை. அதுல உனக்கு என்ன வேலை? உன்னை அனுப்பின ஐயாவை இங்க வரச் சொல்லு. அவர்கிட்ட கேக்கறேன்!"

"வரச் சொல்லு!" என்று பின்வரிசைக் கிழவர் கத்தினார். அவ்வளவுதான், மண்டபம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. தட்டை மேசையில் தட்டினார்கள், காலால் தரையைத் தட்டினார்கள். பையன் புத்தகத்தை மூடிவிட்டான். பீன்ஸைத் தொடாமலே போனான்.

திங்கட்கிழமை காலை லொரெட் வந்து கதவைத் தட்டினாள். நடீன் கொடுத்தனுப்பிய இரண்டு இன்சுலின் ஊசிப் பேனாவை மேசையில் வைத்தாள். மாதிரிக்கு வந்ததாம், மூன்று வாரம் வரும்.

"பொய்க்காரின்னு சொல்லிட்டேல்ல ஊர் நடுவுல?"

"ஆமா. பொய்க்காரிதான்."

"நாலு மணின்னது பொய்தான். ஒரு எடுப்புக்குச் சொன்னேன்." உட்கார்ந்தாள். "இங்க பாரு. ஹாலிஸ்கிட்ட பேசிட்டு வந்திருக்கேன். மாசத்துக்கு ஒருத்தி. டிசம்பர் பூரா உன் பேர்ல. நான் கட்டறதும் உன் பேர்ல. சீட்டைக் காட்டினா ஜனவரில அட்டை வந்துரும்னு அந்த ஆபீஸ்காரி போன்ல சொல்றா."

"உனக்கு?"

"ஜனவரி எனக்கு. அந்த மாசச் சீட்டைக் காட்டினா என் அட்டை நிக்காது."

"ஜனவரில ஏது வளையம்?"

"வளையம் ஏது. பாறையில கடல் நத்தை பொறுக்கப் போறேன். போன வருஷம் போகலையா? நத்தை வாங்கறவன் சீட்டு என் பேர்லயே தருவான். எண்பது மணி என்ன, நூறே பொறுக்குவேன்."

வெர்னா யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. டிசம்பர் தனக்கு, குளிரில் விறைக்கிற ஜனவரி அவளுக்கு. ஒரு தடவையாவது நல்ல பங்கு தனக்கு வந்ததே! மறுப்பதுபோல் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஒத்துக்கொண்டாள்.

டிசம்பர் முதல் வாரச் சீட்டில் ஹாலிஸ் அவள் பேரை எழுதினார். வெர்னா அதை வண்டியில் வைத்து மூன்று தடவை படித்தாள். வீட்டுக்கு வந்து மர்லீயிடம் காட்டினாள். அந்த வாரம் முழுக்க லொரெட்டிடம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். ஒருநாள் அவளுடைய பின்னலைக்கூட நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

வளையப் பருவம் முடிய நாலு நாள் இருந்தது. ஆல்டன் கடல் ஓதம் ஏறியதும் சேற்றிலிருந்து வந்து மீன் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஜனவரில அக்காகூட நீயும் ஒரு எட்டு நத்தைக்குப் போயிட்டு வா," என்றாள் வெர்னா. "தனியா அந்தப் பாறையில வழுக்கி விழுந்துரப் போறா."

"நத்தையா? எந்த நத்தை?"

"கடல் நத்தை. பொறுக்கப் போறேன்னாளே."

"பொறுக்கி யார்கிட்ட போடுவாங்க? வாங்கறவன்தான் இந்தக் குளிர்காலம் வாங்கலைன்னு சொல்லிட்டானே. லாரியையே வித்துட்டான்."

வெர்னா கரண்டியைக் கீழே வைத்தாள். "அது அவளுக்குத் தெரியாதா?"

"மதினிக்கா? அக்டோபர்லயே தெரியும். என்கிட்ட சொன்னதே அவங்கதானே."

வெர்னா கோட்டுக்கூடப் போடாமல் குறுக்கே நடந்து கொட்டகைக்குப் போனாள். லொரெட் தேவாலயப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கட்டிக்கொண்டிருந்தாள்.

"நத்தைக்காரன் லாரியை வித்துட்டானாமே?"

லொரெட் பாட்டை நிறுத்தினாள். "ஆல்டனுக்கு வாய் அடங்காது."

"அப்ப ஜனவரில உன் மாத்திரை?"

"பாத்துக்கலாம். நடீன் தலைநகருக்குப் பஸ் பிடிக்கறா. அங்க போய்க் கத்துவோம். அதுக்குள்ள எனக்கு ஒண்ணும் ஆகாது."

"அடுத்த சீட்டை உன் பேர்ல எழுதச் சொல்றேன்."

"எழுதினா உனக்கும் எண்பது வராது, எனக்கும் வராது. நாலு நாள்தான் இருக்கு. ஒருத்திக்குத்தான் நிறையும். கணக்குத் தெரியாதா உனக்கு?"

தெரியும். அடுப்பு, பாட்டு, பின்னல், ஊர் கொண்டுவந்த சாப்பாடு, எல்லாவற்றுக்கும் இந்தப் பெண்பிள்ளையைப் பார்த்து எரிந்திருக்கிறாள். இப்போது எரிந்த மாதிரி என்றைக்கும் எரிந்ததில்லை. கண்ணில் நீர் பொங்கிக்கொண்டு வந்தது.

"விட்டுக்குடுக்கணும்னு எனக்குத் தோணலையே அக்கா," என்றாள். "உனக்குத்தானே மொதல்ல தோணிச்சு. இதுலயும் நீதான் முந்தணுமா?"

லொரெட் ஒரு கொத்துக் கொப்பை எடுத்து அவள் இடது கையில் திணித்தாள்.

"அழுதுக்கிட்டே கட்டு. சீட்டு உன் பேர்ல போகுது. கோணலாப் போச்சுன்னா உன்னைத்தான் சொல்வாங்க."